கீமோ எந்த வாரம், மறுசீரமைப்பு எந்த மாதம்: மார்பகம் அகற்றும் அறுவைக்கு முன் போட வேண்டிய கணக்கு

மார்பகப் புற்றுநோய்க்காக அகற்றிய மார்பகத்தின் வடிவத்தை மீட்டுத் தரும் அறுவைதான் மறுசீரமைப்பு. அதை ஆறு மாதம் கழித்தும் செய்துகொள்ளலாம், ஆறு வருடம் கழித்தும் செய்துகொள்ளலாம். கீமோதெரபிக்கு அந்த வசதி கிடையாது. அதற்கு ஒரு காலக்கெடு இருக்கிறது. அது தவறினால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடும். ஆகவே அறுவைக்கு நாள் குறிக்கும்போது "எந்த முறை பார்க்க நன்றாக இருக்கும்" என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டாம். கீமோ எந்த வாரம் தொடங்குகிறது, எந்த வாரம் முடிகிறது, அதற்குப் பின் கதிர்வீச்சு உண்டா என்ற மூன்றையும் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். மீதமிருக்கும் இடைவெளியில் எது பொருந்தும் என்பதுதான் அடுத்த கேள்வி.

மறுசீரமைப்பில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று சிலிக்கான் இம்ப்ளாண்ட். அதை மார்பகம் அகற்றும் அன்றே நேரடியாக வைக்கலாம். அல்லது முதலில் டிஷ்யூ எக்ஸ்பாண்டர் என்ற, உப்புநீர் ஏற்றிப் பெரிதாக்கக்கூடிய பையை வைத்துத் தோலை மெல்ல விரித்து, சில மாதம் கழித்து இரண்டாவது அறுவையில் அதை எடுத்துவிட்டு இம்ப்ளாண்ட் வைக்கலாம். மற்றொரு வழி உங்கள் உடலின் சொந்தத் திசு: அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து நெஞ்சில் பொருத்தும் டீப் ஃபிளாப், அல்லது முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவரும் முறை. எதையும் செய்யாமல் நெஞ்சைத் தட்டையாக, மடிப்பில்லாமல் அழகாகத் தைத்துவிடுவதும் முழுமையான ஒரு தேர்வுதான். அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. எந்த மறுசீரமைப்பின் சிக்கலும் இல்லாமல் கீமோவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு அதுவே மிகப் பாதுகாப்பான வழி.

கீமோ முன்னாலா, பின்னாலா?

இதைத் தீர்மானிப்பவர் மருத்துவப் புற்றுநோய் நிபுணர். பிளாஸ்டிக் சர்ஜன் அல்ல. டிரிபிள் நெகட்டிவ் (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 புரதமும் இல்லாதது) அல்லது ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 புரதம் அதிகமுள்ளது) வகையாக இருந்து, கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ அக்குள் நெறிகளில் (நிணநீர் முடிச்சுகளில்) நோய் இருந்தாலோ, பெரும்பாலும் கீமோவைத்தான் முதலில் கொடுப்பார்கள். கட்டி எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்து அறுவைக்குப் பிறகு எந்த மருந்து தேவை என்று முடிவெடுக்க முடியும் என்பதே முக்கியக் காரணம். மார்பகம் முழுவதும் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோயிலும் கீமோதான் முதலில். அந்த வகையில் உடனடி மறுசீரமைப்பைப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. தோலிலேயே நோய் பரவியிருப்பதால் தோலை மிச்சம் வைக்க முடியாது, கதிர்வீச்சையும் தள்ளிப்போட முடியாது.

ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் வகையில் நிலைமை வேறு. அங்கே பல நேரம் அறுவைதான் முதலில். கீமோ தேவையா என்பதே அறுவைக்குப் பின் வரும் பயாப்ஸி அறிக்கையும், ஆன்கோடைப் போன்ற மரபணு மதிப்பெண் சோதனையும் வந்த பிறகுதான் தெரியும். கீமோ உண்டா இல்லையா என்று தெரியாமலே மறுசீரமைப்பை முடிவுசெய்ய வேண்டியிருப்பவர்கள் இவர்கள்தான். இதற்கு ஒரு வழி உண்டு. அந்த மரபணு மதிப்பெண்ணை, ஏற்கெனவே எடுத்த ஊசி பயாப்ஸித் துண்டிலேயே பார்க்க முடியுமா என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். கதிர்வீச்சு வருமா என்பது சந்தேகமாக இருந்தால், மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் வந்து சேரும் அக்குள் நெறியை மட்டும் தனியாக ஒரு சிறு அறுவையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பெரிய அறுவைக்குப் போகலாமா என்றும் கேளுங்கள். முடிவு வரச் சில நாட்கள் கூடுதலாகக் காத்திருக்க நேரலாம். ஆனால் தவறான முறையைத் தேர்ந்துவிட்டு ஒரு வருடம் அவதிப்படுவதற்கு அது எவ்வளவோ மேல்.

கீமோ முதலில் வந்தால்

முன்னதாகக் கொடுக்கும் கீமோ பொதுவாக 4 முதல் 6 மாதம் ஓடும். இந்தக் காலத்தை வீணாக விடாதீர்கள். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்கான பி.ஆர்.சி.ஏ. மரபணுச் சோதனையின் முடிவு சில வாரங்களில் வரும். மற்ற மார்பகத்தையும் அகற்றுவதா என்ற முடிவு அதைப் பொறுத்தது. பிளாஸ்டிக் சர்ஜனைக் கீமோவின் பாதியிலேயே பார்த்துவிடுங்கள். கடைசி சைக்கிள் (கீமோ சுற்று) முடிந்த பிறகு முதன்முறையாகப் போய் நின்றால், ஆலோசனை, வயிற்று ரத்தக்குழாய்களுக்கான சி.டி. ஸ்கேன், அறுவை அரங்கில் இரண்டு குழுக்களுக்கும் ஒத்துவரும் நாள் என்று வாரங்கள் ஓடிவிடும்.

கடைசி கீமோவுக்கும் அறுவைக்கும் இடையே சரியான இடைவெளி 3 முதல் 6 வாரம். 3 வாரத்துக்கு முன் வெள்ளை அணுக்களும் பிளேட்லெட்டும் முழுதாக மீண்டிருக்காது. 8 வாரத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் தள்ளிப்போவது உயிர்பிழைப்பைப் பாதிக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. டீப் ஃபிளாப்புக்கு அரங்கு கிடைக்கவில்லை என்பதற்காக 10 வாரம் காத்திருக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்பாண்டரை வைத்துவிட்டுத் திசு முறையைப் பின்னால் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் தட்டையாகத் தைத்துவிட்டு மறுசீரமைப்பைத் தள்ளிப்போடுங்கள்.

அறுவைக்கு முந்தைய ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு 1,500-க்கு மேலும் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேலும் இருக்க வேண்டும் என்று பொதுவாக எதிர்பார்ப்பார்கள். ரத்தசோகையைக் கீமோ ஓடும்போதே கவனியுங்கள். ஃபிளாப் அறுவை 6 முதல் 10 மணி நேரம் எடுக்கும். குறைந்த ஹீமோகுளோபினோடு அதற்குள் போகக் கூடாது. கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எடையையும் ஏற்றும். நீரிழிவு இருப்பவர்கள் எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரி சர்க்கரை) அளவை அறுவைக்கு முன் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அட்ரியாமைசின் போன்ற கீமோ மருந்தோ, ஹெர்-2 வகைக்கான டிராஸ்டுசுமாபோ எடுத்திருந்தால் இதயத்தைப் பார்க்கும் எக்கோவும் தேவை.

பெம்ப்ரோலிசுமாப் எடுத்தவர்களுக்குத் தனியாக ஒன்று. இந்த இம்யூனோதெரபி மருந்து அட்ரினல், தைராய்டு சுரப்பிகளைச் சத்தமில்லாமல் முடக்கிவிடலாம். மருந்து நிறுத்திச் சில மாதம் கழித்துக்கூட அது வெளிப்படும். அட்ரினல் செயலிழந்தவர் பெரிய அறுவையில் திடீரென ரத்த அழுத்தம் சரிந்து ஆபத்தில் சிக்கலாம். ஆகவே அட்ரினல் சுரக்கும் கார்டிசாலின் காலை நேர அளவும் தைராய்டுச் சோதனையும் அறுவைக்கு முன் பார்க்கப்பட்டிருக்கின்றனவா என்று நீங்களே கேளுங்கள். புற்றுநோய் மருத்துவர் சர்ஜன் பார்ப்பார் என்றும், சர்ஜன் மயக்க மருத்துவர் பார்ப்பார் என்றும் இருந்துவிடும் இடம் இது.

முன்னதாகக் கீமோ எடுத்ததால் உடனடி மறுசீரமைப்பில் சிக்கல்கள் பெரிதாகக் கூடுவதில்லை என்பது இதுவரை வந்த ஆய்வுத் தொகுப்புகளின் முடிவு. "கீமோ எடுத்துவிட்டீர்கள், அதனால் உடனே செய்ய முடியாது" என்று யாராவது பொத்தாம்பொதுவாகச் சொன்னால், உங்கள் விஷயத்தில் அதற்கான குறிப்பான காரணம் என்ன என்று கேட்கலாம்.

கீமோ பின்னால் வந்தால்

இங்கேதான் கடிகாரம் எதிராக ஓடுகிறது. அறுவைக்குப் பின் 4 முதல் 6 வாரத்துக்குள் கீமோ தொடங்குவது நல்லது. 90 நாளைத் தாண்டினால் உயிர்பிழைப்பு குறைகிறது என்பதும், டிரிபிள் நெகட்டிவ் வகையில் அந்தப் பாதிப்பு அதிகம் என்பதும் 2016-ல் கலிஃபோர்னியா புற்றுநோய்ப் பதிவேட்டை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் தெரிந்தது.

காயம் ஆறாமல் கீமோ தொடங்க முடியாததற்குக் காரணம் எளிது. ரத்தத்தை உறையவைக்கப் பிளேட்லெட் வேண்டும், காயத்தைச் சுத்தப்படுத்தி கிருமியைத் தடுக்க வெள்ளை அணுக்கள் வேண்டும், புதுத் திசுவை நெய்ய வேகமாகப் பிரியும் செல்கள் வேண்டும். கீமோ அடிப்பது இந்த மூன்றையும்தான். மூன்று நான்கு வாரத்தில் தையல் மூடி, டிரெயின் (காயநீரை வெளியேற்றும் குழாய்) எடுத்து, தோல் உலர்ந்திருந்தால் கீமோ தொடங்கலாம். ஒரு ஓரம் திறந்திருந்தாலோ உள்ளே கிருமி இருந்தாலோ, முதல் சைக்கிளின் இரண்டாவது வாரத்தில் வெள்ளை அணுக்கள் சரியும்போது அது ரத்தத்தில் பரவும் தொற்றாக மாறலாம்.

உடனடி மறுசீரமைப்பே கீமோவைத் தாமதப்படுத்துமா? பிரிட்டனை மையமாகக் கொண்டு பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஐப்ரா-2 ஆய்வு, மறுசீரமைப்பு செய்துகொண்டவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்டது. மறுசீரமைப்பால் மட்டும் சொல்லத்தக்க தாமதம் இல்லை. ஆனால் அறுவைக்குப் பின் சிக்கல் வந்தவர்களுக்குத் தாமதம் வந்தது. ஆகவே "இன்றே செய்யலாமா" என்று கேட்பதைவிட "எனக்குச் சிக்கல் வரும் வாய்ப்பு எவ்வளவு" என்று கேட்பதே சரி. புகைப்பழக்கம், கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அதிக உடல் எடை, மிகப் பெரிய மார்பகம், அந்தப் பக்கம் முன்பே கதிர்வீச்சு வாங்கியது ஆகியவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால், கீமோ கட்டாயம் என்று தெரிந்திருக்கும் நிலையில், மறுசீரமைப்பைத் தள்ளிப்போடுவதே நம் பரிந்துரை. புகைப்பதை அறுவைக்கு 4 வாரம் முன்பும் 4 வாரம் பின்பும் முற்றிலும் நிறுத்த வேண்டும். தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும்கூட ரத்தக்குழாயைச் சுருக்கும்; அவை பாதுகாப்பானவை என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று. நோயில்லாத மார்பகத்தையும் அதே நாளில் அகற்றுவது, அல்லது ஒத்த அளவுக்காகச் சிறிதாக்குவது என்ற யோசனை அடிக்கடி வரும். அந்தப் பக்கத்துக் காயம் ஆறாவிட்டாலும் கீமோ நிற்கும். நோயே இல்லாத பக்கத்தால் நோய்க்கான மருந்து தள்ளிப்போவது வேண்டாத இழப்பு. அவசரக் காரணம் இல்லையென்றால் அந்தப் பக்க வேலையைக் கீமோ முடிந்த பிறகு, எக்ஸ்பாண்டரை மாற்றும் அறுவையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கதிர்வீச்சு வந்தால் கணக்கு மாறும்

கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், அல்லது நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட அக்குள் நெறிகளில் நோய் இருந்தால், மார்பகம் அகற்றிய பின்னும் கதிர்வீச்சு பெரும்பாலும் உறுதி. ஒன்று முதல் மூன்று நெறிகள் என்றால் மற்ற அம்சங்களையும் பார்த்து முடிவெடுப்பார்கள். கீமோவுக்குப் பிறகு நெறிகளில் நோய் முழுதாக மறைந்துவிட்ட சிலருக்கு நெறிப் பகுதிக் கதிர்வீச்சைத் தவிர்க்கலாம் என்பதை, 2023 டிசம்பரில் முதலில் வெளியிடப்பட்ட என்.எஸ்.ஏ.பி.பி. பி-51 ஆய்வு காட்டியது. தொடக்கத்தில் நெறியில் நோய் குறைவாக இருந்தவர்களுக்கே இது பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்பதைக் கதிர்வீச்சு நிபுணரிடம் அறுவைக்கு முன்பே கேளுங்கள். பதில் எக்ஸ்பாண்டரா, இம்ப்ளாண்ட்டா, ஃபிளாப்பா என்பதையே மாற்றக்கூடியது.

கதிர்வீச்சு பட்ட இம்ப்ளாண்ட்டைச் சுற்றி உடல் உருவாக்கும் உறை தடித்துச் சுருங்கும். மார்பகம் கல்லாகி மேலே ஏறும், வலிக்கும். இம்ப்ளாண்ட்டை எடுத்தே ஆக வேண்டிய நிலையும் கதிர்வீச்சு பட்டவர்களுக்குக் கூடுதலாக வருகிறது. ஃபிளாப் மேல் கதிர்வீச்சு பட்டால் கொழுப்பு கட்டிதட்டும், அளவு சுருங்கும். அடிவயிற்றை ஒரு முறைதான் பயன்படுத்த முடியும் என்பதால் கெட்டுப்போனால் மறுவாய்ப்பு இல்லை. அதனால்தான் கதிர்வீச்சு உறுதியானவர்களுக்குப் பல சர்ஜன்கள், கதிர்வீச்சு முடிந்து 6 முதல் 12 மாதம் கழித்து டீப் ஃபிளாப் செய்வதை விரும்புகிறார்கள்.

கீமோவின் வரிசை இங்கே எப்படிக் குறுக்கிடுகிறது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒரே அளவு நோய், ஒரே எக்ஸ்பாண்டர், ஒரே கதிர்வீச்சு. கீமோ முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்பது மட்டும் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ பின்னால் வருபவருக்கு அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் நடுவே நான்கைந்து மாதம் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் எக்ஸ்பாண்டரை நிதானமாக விரித்துவிடலாம். கடைசி கீமோ முடிந்து சுமார் 4 வாரத்தில் அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளாண்ட்டை வைத்து, அந்தக் காயம் ஆறியதும், ஏறத்தாழ 4 வாரத்தில், கதிர்வீச்சுக்குப் போகலாம். கதிர்வீச்சு படாத மென்மையான தோலில் அறுவை நடப்பதால் காயம் நன்றாக ஆறும்.

கீமோ முன்னாலேயே முடித்தவருக்கு அந்த நான்கைந்து மாதம் இல்லை. அறுவை முடிந்த 8 வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கிவிட வேண்டும். அதற்குள் காயம் ஆறி, எக்ஸ்பாண்டர் விரிந்து, திட்டமிடும் சி.டி. ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். இம்ப்ளாண்ட்டாக மாற்ற நேரமே கிடையாது. கதிர்வீச்சு எக்ஸ்பாண்டர் மேலேயே பட்டு, பிறகு குறைந்தது 6 மாதம் காத்திருந்துதான் மாற்றுவார்கள். 6 மாதத்துக்கு முன் மாற்றினால் தையல் பிரிந்து இம்ப்ளாண்ட் வெளியே தெரியும் ஆபத்து கூடும். ஆகவே முன்னதாகக் கீமோ எடுத்து, கதிர்வீச்சும் உறுதி என்றால், எக்ஸ்பாண்டரை ஓர் இடைக்கால ஏற்பாடாக மட்டும் நினைத்து, இறுதியில் திசு முறைக்குப் போவதே நீண்ட நாளுக்கு நன்றாக நிற்கும் என்பது நம் கருத்து. உடம்பில் எடுக்கப் போதிய திசு இல்லாதவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது.

ஒரு முக்கிய விதி: கதிர்வீச்சுத் திட்டமிடும் சி.டி. எடுத்த நாளிலிருந்து கடைசி அமர்வு வரை எக்ஸ்பாண்டரில் ஒரு மில்லிகூட ஏற்றக் கூடாது, இறக்கவும் கூடாது. அந்த வடிவத்துக்குத்தான் கதிர்களின் கோணமும் அளவும் கணக்கிட்டிருப்பார்கள். அதனால் பிளாஸ்டிக் சர்ஜனிடமிருந்து "போதும், இனி ஏற்ற வேண்டியதில்லை" என்ற பதில் கிடைத்த பிறகே ஸ்கேனுக்குத் தேதி வாங்குங்கள்.

கீமோ ஓடும்போது எக்ஸ்பாண்டரை நிரப்புவது

அறுவை அரங்கிலேயே பையில் சிறிது உப்புநீர் ஏற்றியிருப்பார்கள். கீமோ காத்திருக்கிறது என்றால் அங்கே குறைவாக ஏற்றுவதே நல்லது. தோல் இழுபடாமல் இருந்தால் ரத்த ஓட்டம் தடையின்றி இருக்கும், ஓரம் கருகாது. முதல் நிரப்பல் சுமார் இரண்டு வாரம் கழித்து. சர்ஜன் ஒரு சிறு காந்தத்தைத் தோல் மேல் நகர்த்துவார். பையின் வாயில் உள்ள உலோகத்தை அது தேடிச் சரியான இடத்தில் நிற்கும். அங்கே பேனாவால் குறி, கிருமிநாசினி, மெல்லிய ஊசி, 50 முதல் 100 மில்லி வரை உப்புநீர். மொத்தமும் பத்து நிமிட வேலை. அறுவையில் நரம்புகள் வெட்டப்பட்டிருப்பதால் ஊசி குத்துவது பலருக்குத் தெரியாது. ஆனால் இரவில் நெஞ்சில் வார் போட்டு இறுக்கியதுபோல் இருக்கும்; ஓரிரு நாளில் தளரும். தோல் வெளிறிப் பளபளத்தாலோ தாங்க முடியாத வலி இருந்தாலோ அன்றே திரும்பிப் போய்ச் சிறிது நீரை எடுத்துவிடச் சொல்லலாம். அதில் தயங்க எதுவுமில்லை.

கீமோ தொடங்கிய பிறகு நிரப்பும் நாளைக் கீமோ நாளோடு கோர்த்துவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொடுக்கும் மருந்துகளில் வெள்ளை அணுக்கள் 7-ஆம் நாள் முதல் 14-ஆம் நாள் வரை மிகத் தாழ்ந்திருக்கும். அந்த நாட்களில் ஊசி வேண்டாம். அடுத்த சைக்கிளுக்கு ஓரிரு நாள் முன், அதற்காக எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை மீண்டிருப்பது தெரிந்ததும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரே சோதனை இரண்டுக்கும் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கீமோ என்றால், வெள்ளை அணுவைக் கூட்டும் ஊசி போடுவார்கள். அப்போதும் அடுத்த சைக்கிளுக்கு முந்தைய நாட்களே சரி.

பையின் வாயில் காந்தம் இருப்பதால் பெரும்பாலான எக்ஸ்பாண்டர்களோடு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது. கீமோ நடுவே தலைவலிக்கோ முதுகுவலிக்கோ யாராவது எம்.ஆர்.ஐ. எழுதிக்கொடுத்தால், ஸ்கேன் அறைக்குள் போகும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ்பாண்டரின் மாடல் விவர அட்டையைப் பையிலேயே வைத்திருங்கள். கீமோ போர்ட்டை (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதிக்கும் சிறு கருவியை) நோய் உள்ள பக்கத்துக்கு எதிர்ப் பக்கத்தில் வைப்பது வழக்கம். இரண்டு மார்பகமும் அகற்றப்போகிறார்கள் என்றால், போர்ட் எங்கே வர வேண்டும் என்று அதை வைக்கும் முன்பே பிளாஸ்டிக் சர்ஜனிடம் கேட்டுவிடச் சொல்லுங்கள். அப்படிக் கேட்காவிட்டால் அவர் கத்தி வைக்க வேண்டிய இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கும்.

எங்கே தவறும், தவறினால் என்ன செய்வது

அடிக்கடி வருவது தோல் ஓரம் கருகுவது. அறுவைக்குப் பின் இரண்டு முதல் ஐந்து நாளில் தையலோரம் ஊதா நிறமாகும். அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்க வேண்டிய தோல் அப்படியே இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் கறுத்து எல்லை தெரியும். சின்னத் துண்டாக இருந்தால் கட்டுப் போட்டே ஆற்றலாம். ஆனால் அதற்கு 3 முதல் 6 வாரம் ஆகலாம். கீமோ காத்திருக்கும்போது அவ்வளவு நாள் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று ஓட்டக் கூடாது. எல்லை தெரிந்தவுடன் கருகிய தோலை வெட்டி எடுத்து, பையில் நீரைக் குறைத்து, நல்ல தோலைச் சேர்த்துத் தைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கீமோவுக்குத் தயாராகலாம். சிறு மறுஅறுவையைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். நாட்களை மிச்சப்படுத்தும் வழி அது.

அடுத்தது தொற்று. சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, மார்பகம் சூடாக இருப்பது, டிரெயினில் வரும் நீர் கலங்குவது, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொடுவது ஆகியவை அடையாளங்கள். கீமோ ஓடும்போது 38 டிகிரி என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள். காலை வரை பாராசிட்டமாலில் சமாளிக்க வேண்டாம், அது காய்ச்சலை மறைத்து நேரத்தைத் தின்றுவிடும். வெள்ளை அணுக்கள் மிகக் குறைந்திருந்தால் சிவப்போ சீழோ தெரியாமலேகூட இருக்கும், காய்ச்சல் மட்டும்தான் எச்சரிக்கை. நரம்பு வழி ஆன்ட்டிபயாடிக் கொடுத்து இரண்டு மூன்று நாளில் திரும்பவில்லை என்றால், கீமோ நடுவே இருப்பவருக்குப் பையை எடுத்துவிடுவதே சரியான முடிவு. எடுத்த சில வாரத்தில் காயம் மூடி கீமோ தொடரும். பையைக் காப்பாற்றப் போராடி இரண்டு சைக்கிளை இழப்பதில் எந்த லாபமும் இல்லை. மறுமுயற்சிக்கு, கீமோ முழுதாக முடிந்தபின் 3 முதல் 6 மாதம் இடைவெளி விடுங்கள்.

டிரெயினை 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழ் இரண்டு நாள் தொடர்ந்து வந்த பிறகு எடுப்பது வழக்கம். கீமோ தேதி நெருங்குகிறது என்பதற்காக முன்கூட்டி உருவினால் உள்ளே நீர் கட்டும். அதை எடுக்க மறுபடி ஊசி, ஊசியால் பை கிழியும் அபாயம், தொற்று என்று சங்கிலி நீளும். எக்ஸ்பாண்டர் இருக்கும் பக்கத்தில் நீர் கட்டினால் ஸ்கேன் உதவியோடு மட்டுமே எடுக்கச் சொல்லுங்கள்.

டீப் ஃபிளாப்பில் ரத்தக்குழாய் அடைபட்டுத் திசு முழுதாக இறப்பது, அனுபவமுள்ள மையங்களில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்குத்தான். ஆனால் வயிற்றுத் தையல் திறந்துகொள்வது அதைவிட அதிகம் நடக்கும். கீமோவை நிறுத்திவைக்க அதுவும் போதும். அறுவைக்குப் பின் கீமோ உறுதி என்றால் உடனடி ஃபிளாப்புக்கு ஒத்துக்கொள்ளும் முன் இந்த வயிற்றுக் காயத்தையும் கணக்கில் சேருங்கள்.

கீமோ முடிந்த பிறகும் மருந்து தொடர்ந்தால்

எக்ஸ்பாண்டரை மாற்றும் அறுவைக்குக் கடைசி கீமோவிலிருந்து 4 முதல் 6 வாரம் விடுவது போதும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் டிராஸ்டுசுமாப் காயம் ஆறுவதைத் தடுப்பதில்லை. ஒரு வருடம் முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு டோஸ் நடுவே அறுவையை வைத்துக்கொள்ளலாம். முன்னதாகக் கீமோ எடுத்தும் ஹெர்-2 நோய் மிச்சமிருந்தால் டி-டி.எம்.1 என்ற மருந்து 14 சைக்கிள் வரும். அறுவையிலிருந்து 12 வாரத்துக்குள் அதைத் தொடங்க வேண்டும். அது பிளேட்லெட்டைக் குறைக்கும். மாற்று அறுவை அதன் நடுவே வந்தால், முந்தைய வாரமே பிளேட்லெட் எண்ணிக்கையைப் பாருங்கள்.

ஹார்மோன் மருந்தாக டமாக்சிஃபென் தொடங்கியிருந்தால் ரத்தம் உறையும் தன்மை கூடும். இம்ப்ளாண்ட் மாற்றும் சின்ன அறுவைக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. டீப் ஃபிளாப்புக்கு நிலைமை வேறு. மெல்லிய ரத்தக்குழாய்களைத் தைத்து இணைக்கும் அறுவை அது. பல சர்ஜன்கள் 2 முதல் 4 வாரம் முன் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், நிறுத்தும் தேதியையும் மறுபடி தொடங்கும் தேதியையும் புற்றுநோய் மருத்துவர் எழுத்தில் தரட்டும். அறுவைக்குப் பின் மறுபடி தொடங்க மறந்து மாதக்கணக்கில் விட்டுவிடுபவர்கள் உண்டு. ஹார்மோன் மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அபெமாசிக்லிப் மாத்திரை எடுப்பவர்களும் இதையே கேட்க வேண்டும், அதற்கும் ரத்தக்கட்டி ஆபத்து உண்டு.

மாற்று அறுவையின்போது கீமோ போர்ட்டையும் அதே மயக்கத்தில் எடுத்துவிட முடியும். டிராஸ்டுசுமாபோ டி-டி.எம்.1-ஓ இன்னும் சில மாதம் பாக்கி இருந்தால் மட்டும் அதை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.